பதினேழாவது வரியில் இருந்த எண்

ஆபீஸில் அவளை எல்லாரும் பட்டியலம்மா என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை, ஏனென்றால் அது உண்மை. வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் மூன்று பட்டியல் ஒட்டியிருப்பாள். வாங்க வேண்டியது ஒன்று, செய்ய வேண்டியது ஒன்று. மூன்றாவது எதற்கு என்றால், முதல் இரண்டையும் தினமும் பார்த்தாயிற்றா என்று டிக் அடிப்பதற்கு. இப்படிப்பட்ட பெண்ணைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உட்கார வைக்காமல் வேறு எங்கே உட்கார வைப்பார்கள்?

ஒட்டாத பட்டியல் ஒன்றும் இருந்தது. அது அவள் மண்டைக்குள் இருந்தது. தன் புருஷனின் அக்கா இன்றுவரை தன்னை எங்கெங்கே முந்திக்கொண்டாள் என்கிற பட்டியல். மகள் பிறந்தபோது வார்டை விட்டு வெளியே வந்த மனுஷன் முதலில் போன் போட்டது அக்காவுக்கு. கடைவாய்ப்பல் பிடுங்கப் போவது அக்காவுக்கு முதல் நாளே தெரியும். இவளுக்குக் கன்னம் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. அக்காவோடு போனில் பேசும்போது அவன் ஒரு மாதிரி சிரிப்பான், வயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. பதினாலு வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை அவளால் வரவழைக்க முடிந்ததில்லை. எத்தனையோ நகைச்சுவை சொல்லிப் பார்த்திருக்கிறாள் பாவம்.

அந்த அக்காவை நேரில் 'அண்ணி' என்று கூப்பிடுவாள். மனசுக்குள் வைத்திருந்த பெயர் ஹெட் ஆபீஸ். தம்பியை விடப் பன்னிரண்டு வயது மூத்தவள், தாய் இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறாள். இவளை இதுவரை ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. அதுதான் இவளுக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். ஒரு தடவையாவது திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

புருஷனும் அதே கம்பெனிதான். அவன் கீழ்த்தளத்தில் சர்வர் அறையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறான். இவள் வேறு கம்பெனியிலிருந்து வந்து மேலே தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மருந்து மொத்த விநியோகம் செய்யும் கம்பெனி அது. ஆஸ்பத்திரிகள் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்கும், கிடங்கில் எடுத்து அடுக்குவார்கள், அறுபது வேன்கள் கிளம்பும். கம்ப்யூட்டர் நின்றால் வேனும் நிற்கும், எந்த ஆஸ்பத்திரிக்கு எது போக வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கிடுக்கிப்பிடி போட்டது. தீ பிடித்தாலோ வெள்ளம் புகுந்தாலோ எத்தனை மணி நேரத்தில் உங்கள் கம்ப்யூட்டர்கள் மறுபடி வேலை செய்யும், வெளியாள் ஒருவரைக் கொண்டு சோதித்து எழுத்தில் கொடுங்கள், இல்லையென்றால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறோம் என்றது.

அப்படி வந்தவர்தான் மதிப்பீட்டாளர். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். எதைக் காட்டினாலும் பார்ப்பார், ஏதோ எழுதுவார், "சரி, அடுத்தது" என்பார். இரண்டாம் நாளே அவருக்கு 'அடுத்தது சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஏமாற்ற முடியாத ஆள். கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லாவற்றையும் தினமும் நகல் எடுத்து வைக்கிறோம் என்றார்கள். எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்லி, அன்றைய ஆர்டர்களை என் கண் முன்னால் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுவந்தார்கள். ஜெனரேட்டரில் டீசல் நிறைய இருக்கிறது என்றார்கள். குச்சி விட்டுப் பார்த்தார். இருந்தது. சர்வர் அறைக்கு ஆபத்து வந்தால் பயன்படுத்த நகரத்தின் மறுகோடியில் வைத்திருந்த மாற்று அறைக்கே போய் அங்கிருந்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். எல்லாம் ஓடின. சர்வர் மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

"மெஷினை எல்லாரும் நல்லாத்தான் வச்சிருக்காங்க," என்றார் அடுத்தது சார். "ஆளைத்தான் பாக்கணும். நாளைக்கு ஆள்."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஒத்திகை. சர்வர் அறை எரிந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்குத் தேவையான நாற்பத்தொரு பேரையும் அரை மணி நேரத்துக்குள் போனில் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் மாற்று அறையிலிருந்து ஆர்டர் ஓட வேண்டும். ஆட்களைக் கூப்பிடும் வேலை யாருக்கு? பட்டியல் என்றால் பட்டியலம்மாவுக்குத்தானே. வீட்டு எண்கள் இருக்கும் தாள் என்பதால் அது உறைக்குள் ஒட்டப்பட்டு இருந்தது. சரியாகப் பத்து மணிக்குத்தான் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அவர் எண், அவர் எடுக்காவிட்டால் கூப்பிட வேண்டிய மாற்று எண், அந்த மாற்று ஆள் என்ன உறவு, கிடைத்த நேரம்.

உறையைக் கிழித்தவுடன் எந்த மனைவியும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். புருஷன் எங்கே என்று பார்த்தாள். பதினேழாவது வரி. மாற்று எண்ணைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். உறவு என்ற கட்டத்தில் அவன் கையெழுத்திலேயே இருந்தது: அக்கா. தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

காது இரண்டும் சூடாகிவிட்டன அவளுக்கு. கடிகாரம் ஓடுகிறது, அதைப் பற்றி யாருக்குக் கவலை? மற்ற நாற்பது வரிகளையும் ஒரு ஓட்டம் பார்த்தாள். கல்யாணமான அத்தனை பேரும் மனைவி அல்லது கணவன். கல்யாணமாகாத இரண்டு பேர், அம்மா. மனைவியோடு பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷமான கிடங்கு சூப்பர்வைசர்கூட மனைவி எண்ணைத்தான் போட்டிருந்தார். அந்த ஆளுக்கு இருக்கிற மரியாதைகூட என் வீட்டு மனுஷனுக்கு இல்லையே! ஆபத்து என்றால் இவரைப் பற்றித் தெரிந்தவள் அந்த அக்காதானாம். அப்படியென்றால் நான் யார், சமைத்துப் போடுகிற ஆளா? இதை ஆபீஸ் தாளில் எழுதி, சீல் வைத்து, இரண்டு வருஷம் பெட்டியில் பூட்டி வேறு வைத்திருக்கிறாரே. இப்படியே மனசுக்குள் புலம்பிக்கொண்டே முதல் எண்ணை அழுத்தினாள்.

ஒன்றிலிருந்து பதினாறு வரை மடமடவென்று போயிற்று. பதினேழு. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்ப அடித்தாள், அதே கதை. விதி தெளிவாக இருந்தது, அந்த விதியைத் தட்டச்சு செய்தவளே அவள்தான்: இரண்டு முறை எடுக்கவில்லை என்றால் உடனே மாற்று எண்.

அவள் விரல் போன் பட்டனுக்கு மேலேயே நின்றது. ஹெட் ஆபீஸுக்கு போன் போட்டு, 'அண்ணி, என் புருஷன் எங்கே இருக்கார்னு கொஞ்சம் சொல்றீங்களா' என்று கேட்பதா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். கேட்டால் அவள் மெதுவாக, அன்பாக, சரியாகப் பதில் சொல்வாள். அதை நினைக்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது.

கீழே அவன் மேஜை எண்ணுக்கு அடித்தாள். பக்கத்து மேஜைக்காரர் எடுத்து, "இப்பதான் இருந்தாரு, இங்கதான் எங்கயாவது இருப்பாரு" என்றார். போதாதா? காலையில் ஒன்றாக வண்டியில் வந்து இறங்கியவன் எங்கே போய்விடப் போகிறான்? பதினேழாவது வரியில் '10.14, கிடைத்தார்' என்று எழுதினாள். இருபது வருஷ உத்தியோகத்தில் அவள் பார்க்காமல் போட்ட முதல் டிக் அது. பத்து இருபத்தேழுக்கு நாற்பத்தொன்றும் முடிந்துவிட்டது. மேனேஜர் வந்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டு மாற்று அறைக்குக் காரில் பறந்தார்.

பதினொன்றே காலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. எல்லாம் தயார், ஆனால் நகலைத் திறக்க முடியவில்லை என்றார். அதற்கான கடவுச்சொல் இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பாதி மேனேஜருக்குத் தெரியும், மறுபாதி அவள் புருஷனுக்கு. ஒருத்தரே எல்லாவற்றையும் திறந்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. பதினேழாம் நம்பர் எங்கே, கிடைத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே என்றார். இவள் கட்டடம் முழுக்கத் தேடச் சொன்னாள். கேன்டீன், கிடங்கு, மொட்டை மாடி, கழிப்பறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூட நடந்தது. ஆள் இல்லை. பதினொன்று முப்பத்தைந்துக்கு அடுத்தது சார் வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பத்து பதினாலுக்கு அவர் குரலைக் கேட்டீங்களா?"

"இல்ல சார். கீழதான் இருப்பாருன்னு..."

"மாற்று எண்?"

"கூப்பிடல."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. காலை ஒன்பது மணிக்கு ஐந்து பேரை ரகசியமாகத் தேர்ந்தெடுத்து வெளியே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். போனை அணைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போங்கள், போகிற இடத்தை உங்கள் மாற்று ஆளுக்கு மட்டும் சொல்லுங்கள் என்பதுதான் உத்தரவாம். மாற்று ஆட்கள் உண்மையில் உதவுவார்களா என்று பார்க்கிற சோதனை. மற்ற நான்கு பேரையும் அவள் மாற்று எண்ணில் கூப்பிட்டு ஒழுங்காகப் பிடித்திருந்தாள். ஆக, அந்த நிமிஷத்தில் அவள் புருஷன் எங்கே இருக்கிறான் என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். மண்டைக்குள் இருந்த பட்டியலில் சேர்க்க இன்னும் ஒன்று.

அவரே ஸ்பீக்கரைப் போட்டு எண்ணை அழுத்தினார். ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை.

"சொல்லுங்க."

கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் தம்பி உடனே வேண்டும் என்றார்.

"பொது நூலகத்துல இருக்கான், கீழ்த்தளம், பேப்பர் படிக்கிற இடம். போன் ஆஃப்ல இருக்கும். வாசல்ல உக்காந்திருக்கிற அம்மாகிட்ட சொன்னா கூப்பிட்டுக் குடுப்பாங்க. அவங்க நம்பரையும் வாங்கி வச்சிருக்கேன், எழுதிக்கிறீங்களா?"

நாற்பது விநாடி. அடுத்தது சார் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். நூலகத்துக்குச் சொல்லச் சொல்லி ஒரு சீட்டை வெளியே அனுப்பினார். அதோடு வைத்திருக்கலாம். ஆனால் அவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று தாளில் இருந்தது, அதைக் கேட்காமல் விடுகிற ஆள் அவர் இல்லை. மாற்று ஆள் ஒரே வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். அவர் மனைவி எண்ணைக் கொடுக்காததற்குக் காரணம் உண்டா என்றார்.

"அவ பக்கத்துல இருக்காளா சார்? அங்கதான் வேலை பாக்கிறா."

அடுத்தது சார் நிமிர்ந்து பார்த்தார். இவள் வேகமாகத் தலையை ஆட்டினாள், சொல்லாதீர்கள் என்று. அவர் பொய் சொல்லவில்லை. "நீங்க சொல்லுங்க," என்று மட்டும் சொன்னார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்க கம்ப்யூட்டர் எல்லாம் நின்னு போச்சு. அவன் மூணு நாளா சரியா தூங்காம வேலை பாத்துட்டு அன்னிக்குத்தான் படுத்திருந்தான். கம்பெனியில இருந்து வீட்டுக்கு போன் பண்ணியிருக்காங்க. அவ எடுத்து, வெளியூர் போயிருக்கார்னு சொல்லிட்டா. அவன் தூங்கட்டும்னுதான், வேற ஒண்ணுமில்ல. ஆனா அன்னிக்குப் பூரா வேன் போகல. மறுநாள் கேட்டப்போ, ஆமா சொல்லாம வெளியூர் போயிட்டேன்னு இவனே ஒத்துக்கிட்டான். மேனேஜர் வேலை அதனாலதான் கைவிட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் என் நம்பரைக் குடுத்தான். அவளுக்கு இது எதுவும் தெரியாது. தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவா. நல்ல பொண்ணு சார். அவகிட்ட சொல்லிடாதீங்க."

போனை வைத்த பிறகு அடுத்தது சார் தன் தாள்களை அடுக்கினார், அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். நல்ல மனிதர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. போனை வைத்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்து மூடியதும், என்னமோ சாதித்துவிட்டதுபோல் இருந்ததும். கம்பெனி மேலும் அவளுக்கு அப்போது பொறாமைதான், வாரத்தில் ஏழு நாளும் அவனைப் பிடுங்கிக்கொண்டு போகிறதே என்று. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக, உங்களை விடச் சின்னப் பையன் மேனேஜர் ஆகிவிட்டான், உங்களுக்குச் சாமர்த்தியம் பத்தாது என்று எத்தனை தடவை குத்திக் காட்டியிருப்பாள். அவன் ஒவ்வொரு தடவையும் ஆமாம் ஆமாம் என்று சாப்பிட்டுக்கொண்டே இருப்பான்.

வெட்கப்பட்டாளா என்றால், பட்டாள். கூனிக் குறுகிப் போனாள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், வெட்கத்தை விடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. அக்காவும் தம்பியும் அந்த மாடி அறையில் உட்கார்ந்து, இவளுக்குத் தெரியக் கூடாது, இவள் தாங்க மாட்டாள் என்று பேசியிருக்கிறார்கள். இவளைக் காப்பாற்றுவதற்கு இவள் இல்லாத ஓர் இடத்தில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் அந்த ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டும் ஹெட் ஆபீஸ் ஒரு பார்வையில்கூட அதைக் காட்டவில்லை. இப்படிப்பட்டவளை வெறுக்கக்கூட வழியில்லை. வெறுக்க முடியாத ஆள்மேல் வருகிற பொறாமையை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

பன்னிரண்டு பத்துக்கு அவன் மாற்று அறைக்குப் போய்ச் சேர்ந்து தன் பாதியைப் போட்டான். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு முதல் ஆர்டர் ஓடியது. முப்பத்தெட்டு நிமிஷம் தாமதம். நிஜத் தீயாக இருந்திருந்தால் அறுபது வேனும் வாசலிலேயே நின்றிருக்கும்.

மத்தியானம் அவளும் புருஷனும் அடுத்தது சாரும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்தார்கள். அவன் உள்ளே வந்தவுடன் மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்தான், '10.14, கிடைத்தார்' என்ற அவள் கையெழுத்தைப் பார்த்தான், அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டான்.

"என் தப்புதான் சார். போகும்போது மேஜைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும்."

யாரிடமும் சொல்லாதே என்று உத்தரவு போட்டவரிடமே, சொல்லாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறான் அந்த மடையன்.

"நான்தான் கூப்பிடல," என்றாள். "அந்த ஞாயித்துக்கிழமையும் நான்தான். ரெண்டையும் எழுதிக்கங்க சார்."

அவன் முகம் வெளுத்துப்போனது. யார் சொன்னது என்று கேட்டான். அண்ணி சொன்னார்கள், என்னிடம் இல்லை, நான் உட்கார்ந்து கேட்டேன் என்றாள். அவன் கையை மேஜைக்கு அடியில் நீட்டினான். அவள் பிடித்துக்கொள்ளவில்லை, தள்ளிவிடவும் இல்லை.

அடுத்தது சார் தொண்டையைச் செருமினார். இரண்டு வருஷத்துக்கு முந்தையது என் வேலை இல்லை, இன்றையதை எழுதுகிறேன் என்றார். எழுதினார். பிறகு பதினேழாவது வரியைக் காட்டி, விதிப்படி ஒரே வீட்டில் இருக்கிறவர் எண்தான் வேண்டும், மாற்றிவிடலாமா என்று கேட்டார்.

"மாத்திடலாம் சார்," என்றான் அவன் உடனே. "இவ நம்பரையே போட்டுடுங்க." எண்ணை மனப்பாடமாக, தடுமாறாமல் சொன்னான்.

பேனா அவள் கையில்தான் இருந்தது. காலை பத்து மணியிலிருந்து எதற்காக வெந்துகொண்டிருந்தாளோ அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். அக்கா என்பதை அடித்துவிட்டு மனைவி என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. பேனாவைத் தாளில் வைத்தும்விட்டாள். அப்புறம் யோசித்தாள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான், கண்ணுக்குக் கீழே கறுப்பு. போன் அடிக்கிறது. எடுத்து என்ன சொல்வாள்? இவ்வளவு நடந்த பிறகும், இவ்வளவு கேட்ட பிறகும், என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"வேண்டாம் சார்," என்றாள். "நான் எழுப்ப மாட்டேன்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். விதியை மீறினால் காரணம் எழுத வேண்டும் என்றார் அடுத்தது சார், தாளின் கடைசிக் கட்டத்தைக் காட்டி. அவள் குனிந்து, எப்போதும்போல் கோணாத எழுத்தில் எழுதினாள்: 'முதல் மணியிலேயே எடுக்கிறார். தேவைப்பட்டால் எழுப்பி அனுப்புவார்.' கீழே கையெழுத்தும் போட்டாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.